சேய்னி சொல்லாத சங்கீதம்

ஹவிலிக்கு ஜெபம் பண்ண வராது. வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடப்பாறையால் பவளப்பாறையை இடிப்பதுபோல ஒவ்வொன்றும் தனித்தனியாக, கனமாக வந்து விழும். சாயங்காலம் கோயில் மரமேளம் அடித்ததும் பிள்ளைகள் இரண்டும் பாயில் வந்து உட்காரும். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊர்த்தலைவர் முன்னால் மனு வாசிப்பவன்போலத் தொடங்குவான். முடிப்பதற்குள் சின்னவன் ஃபெக்கி பாய்க்கோரையை ஒரு சாண் பிரித்துவிட்டிருப்பான்.

மனைவி லூப்பே வீட்டில் இருந்தவரை அந்த வேலை அவளுடையது. அவள் பிள்ளைகளுக்கு வேதம் சொன்னது பாயில் மட்டும் இல்லை. துணி துவைக்கிற கல்லிலும், பன்றிக்குத் தேங்காய் உடைக்கிற இடத்திலும்தான். ஒரு நாள் குட்டிபோட்ட பன்றி வேலியை முட்டிக்கொண்டு ஓடி, குடும்பமே அரை நாள் அலைந்து பிடித்தது. அன்றைக்குச் சொன்னாள்:

"தொண்ணூத்தொம்பது ஆட்ட விட்டுட்டு ஒண்ணத் தேடிப் போனாரே மேய்ப்பரு, அவருக்குப் பொண்டாட்டி கெடையாது. இருந்திருந்தா, 'அந்தத் தொண்ணூத்தொம்பதையும் யாரு பாப்பா, உங்கப்பனா?'ன்னு கேட்டிருப்பா. அப்படிக் கேட்டாலும் அவரு போயிருப்பாரு. அதுதான் கதை."

யோனா மூன்று நாள் மீன் வயிற்றில் கிடந்து வந்ததையும் அவள் அப்படித்தான் சொல்வாள். "நினிவேக்காரங்க பிரசங்கத்தக் கேட்டா மனந்திரும்புனாங்க? நாத்தம் தாங்காமத்தான்! 'சாமி, நாங்க திருந்திட்டோம், நீங்க மொதல்ல போயிக் குளிங்க'ன்னாங்க." பிள்ளைகள் பாயில் உருண்டு சிரிப்பார்கள். சிரித்த வாயோடு அவள் ஜெபத்துக்குப் போய்விடுவாள். சிரிப்பு எங்கே முடிந்தது, ஜெபம் எங்கே தொடங்கியது என்று ஹவிலிக்குக் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

நவம்பரில் கால் வீங்கி, முகம் வீங்கி அவளைக் கப்பலில் ஏற்றினான். தலைநகர் நுக்குஅலோஃபாவில் பார்த்துவிட்டு, இங்கே முடியாது என்று நியூசிலாந்துக்கு, ஆக்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே தங்கை வீட்டில் தங்கி வைத்தியம். மூன்று மாதம் என்று சொல்லித்தான் பிள்ளைகளை முத்தமிட்டுப் போனாள். பிப்ரவரியில் போனில் அவனிடம் மட்டும் சொன்னாள்: இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணினால்தான் உயிர். அந்த இயந்திரம் டோங்காத் தீவுகள் எதிலும் இல்லை.

"அப்ப நீ எப்ப வருவ?" என்று கேட்டான், புரிந்த பிறகும்.

"வந்தா ஒரு வாரம் இருப்பேன், ஹவிலி. அதுக்கு மேல இருக்கமாட்டேன். பிள்ளைங்ககிட்ட நீங்க சொல்லிருங்க. எனக்கு வாய் வரல."

சொல்கிறேன் என்றான். மாதம் இரண்டு ஓடிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் "சொல்லிட்டீங்களா?" என்பாள். "இந்த வாரம்" என்பான். ஒவ்வொரு சாயங்காலமும் பிள்ளைகள் அம்மாவை அடுத்த கப்பலில் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்வான்.

மே மாதத்து முதல் ஞாயிறு பிள்ளைகளின் ஞாயிறு, ஃபகாமே. அன்றைக்குக் கோயில் அவர்களுடையது. வெள்ளை உடுத்தி, ஆளுக்கொரு வசனமோ நாடகமோ சபைக்கு முன்னால் ஒப்பிப்பார்கள். பிறகு விருந்தில் பிள்ளைகள் முதல் பந்தி, பெரியவர்கள் பரிமாறுவார்கள். அதற்கு உடுப்புத் தைத்துக்கொடுக்க ஹவிலியின் அக்கா கலோலைன் தையல் இயந்திரத்தோடு வந்து இறங்கியிருந்தாள். இந்தத் தீவுகளில் அத்தை சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தம்பி பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதிலிருந்து சாவுச் சடங்கில் தலைமாட்டில் உட்காருவதுவரை அவள்தான். அவள் இருக்கிற அறையில் ஹவிலி கால் நீட்ட மாட்டான். வேடிக்கைப் பேச்சும் பேசமாட்டான்.

வந்த அன்றே ஜெபத்தில் குழப்பம். ஹவிலி பெரும்பாடுபட்டு நோவா கதை சொன்னான். ஃபெக்கி கையைத் தூக்கினான்.

"அப்பா, பேழைக்குள்ள அத்தன மிருகம் இருந்துச்சே, சாணிய யாரு அள்ளுனது?"

லூப்பேயாக இருந்தால் அதற்கு ஒரு கதை வைத்திருப்பாள். ஹவிலி, "கேள்வி கேக்காத" என்றான்.

கலோலைன் தையலை நிறுத்தினாள். "வேதம்னா விளையாட்டுன்னு பழக்கி வெச்சுட்டுப் போயிருக்கா. அஞ்சு வயசுல சாணியக் கேக்குறவன் பத்து வயசுல எதக் கேப்பான்? பெரியவளப் பாரு, எவ்வளவு அடக்கம்."

சேய்னிக்கு ஒன்பது வயது. சுவரோரம் உட்கார்ந்து உதடு மட்டும் அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நூற்று மூன்றாம் சங்கீதம்; இருபத்திரண்டு வசனம். மற்றப் பிள்ளைகள் ஒன்றும் இரண்டுமாகப் படிக்கையில் இவள் முழுச் சங்கீதத்தையும் தானே கேட்டு வாங்கியிருந்தாள். மகள் தாயை மிஞ்சிவிட்டாள் என்று ஊரில் பேச்சு.

வியாழக்கிழமை ஹவிலி விருந்துக்குக் கிழங்கு தோண்டப் போனான். தென்கிழக்குக் காற்று எழுந்துவிட்டது. மழை வந்து வந்து போனது. காவள்ளிக் கிழங்கு தோண்டுவது பிரசவம் பார்ப்பதுபோல. மேல்மண்ணை மட்டும்தான் இரும்பால் எடுக்கலாம். அப்புறம் குப்புறப் படுத்து, தோள்வரை குழிக்குள் விட்டு, விரலால் தடவித் தடவி மண்ணை விலக்கவேண்டும். முனை ஒடிந்த கிழங்கைப் பந்திக்கு அனுப்பினால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். ஃபெக்கி குழியோரம் உட்கார்ந்து மண்புழுக்களைத் தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, அம்மாவுக்கு இந்தக் கெழங்குல ஒண்ணு எடுத்துவைங்க."

"ஏன்?"

"அடுத்த கப்பல்ல வர்றாங்கல்ல?"

குழிக்குள் ஹவிலியின் கை நின்றது. "யாரு சொன்னா?"

"அக்கா. ஞாயித்துக்கெழம இருபத்திரண்டு வசனத்தையும் ஒரு தப்பும் இல்லாம சொல்லிட்டா அம்மாவ அனுப்பிரணும்னு ஆண்டவர்கிட்டப் பேசி முடிச்சுட்டா."

"ஆண்டவரு என்ன சொன்னாரு?"

"அவரு சும்மா இருந்தாராம். சும்மா இருந்தா சரின்னு அர்த்தமாம்." ஃபெக்கி சிரட்டையை எட்டிப் பார்த்தான். "அத்தகிட்டச் சொல்லாதீங்க. ரகசியம்."

அந்தக் கிழங்கு ஒடிந்துவிட்டது. ஹவிலிக்கு நினைவு தெரிந்து அவன் கையில் ஒடிந்த முதல் கிழங்கு.

அன்று மாலை வாசல் நிலைக்கு வெளியே நின்று, தரையைப் பார்த்தபடி அக்காவிடம் சொன்னான்; பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டான். லூப்பே திரும்ப மாட்டாள் என்பது கலோலைனுக்கு முன்பே தெரியும். சேய்னியின் வேண்டுதலைக் கேட்டதும் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள்.

"ஞாயிறு முடியட்டும்."

"அக்கா, அவ சொல்லி முடிச்சுட்டுக் கப்பலப் பாத்துக்கிட்டு நிப்பா."

"பிள்ளைங்க மறந்துரும். நீ இப்பச் சொன்னா சபையில நின்னு அழுவா. லூப்பே வீட்டு மானம் போகாது தம்பி, நம்ம வீட்டு மானம் போகும். நான் சொல்றேன், ஞாயிறு முடியட்டும்."

"சரிங்க அக்கா" என்றான். அதைத் தவிர அவன் வாழ்நாளில் அவளிடம் வேறு பதில் சொன்னதில்லை.

வெள்ளி முழுக்க அந்தச் 'சரி'யை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை நன்றாக ஒப்பித்துவிடுவாள், அதில் சந்தேகமில்லை. திங்கட்கிழமை கப்பல் வரும். யாரும் இறங்க மாட்டார்கள். அப்போது யாரைப் பொய்யன் என்பாள்? அப்பனையா, ஆண்டவரையா?

சனிக்கிழமை மதியம் சேய்னி கொல்லையில் துருவுபலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மண்ணடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஹவிலி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே குந்தினான்.

"சேய்னி."

"ம்."

"அம்மா வரமாட்டா."

"அடுத்த கப்பல்லயா?"

"எந்தக் கப்பல்லயும்."

துருவல் நின்றது. அவன் சொன்னான்: சிறுநீரகம், இயந்திரம், வாரத்துக்கு மூன்று நாள். கிழங்கைச் சுற்றி மண்ணை விலக்குவதுபோல மெதுவாகச் சொல்லவேண்டும் என்று வெள்ளி முழுக்க நினைத்துவைத்திருந்தான். வாயிலிருந்து வந்ததோ கடப்பாறைதான்.

"அம்மா சாவாங்களா?"

"மிஷின் இருக்கிறவர இருப்பா. ரொம்ப வருஷம் இருக்கலாம்னு சொல்றாங்க."

"நாம அங்க போகலாமா?"

"அதுக்கு விசாக் காகிதம் கெடைக்கணும். அவளுக்கே மாசாமாசம் கெஞ்சித்தான் வாங்குறாங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"

"பிப்ரவரி."

"அப்ப நாங்க தெனமும் கேட்டப்ப நீங்க பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னீங்க."

"சொன்னேன்."

"தெரிஞ்சே."

"தெரிஞ்சேதான்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. "இன்னும் ரெண்டு தேங்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துருவத் தொடங்கினாள். துருவல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தேங்காய்ப்பூவோடு சிரட்டைத் தூளும் சேர்ந்து விழுந்தது. அவன் எழுந்துபோய் அவள் கையிலிருந்து மூடியை மெல்ல வாங்கவேண்டியிருந்தது.

ஞாயிறு விடியலில் கோயில் மணியோடு மழையும் விட்டது. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் கொக்குக் கூட்டமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் விசிறியால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் அழுதார்கள், சிரித்தார்கள். சேய்னி பெயர் வாசித்ததும் கோயில் நிமிர்ந்து உட்கார்ந்தது. கலோலைன் கோயிலுக்கென்று உடுப்பின்மேல் சுற்றிக் கட்டியிருந்த இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டாள்.

சேய்னி போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். வாய் திறக்கவில்லை.

பயம் என்று நினைத்து ஒரு பெண் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி உரக்க எடுத்துக்கொடுத்தாள். சேய்னி தலையை ஆட்டினாள்.

"மறக்கல. இருபத்திரண்டும் தெரியும்." குரல் தெளிவாக இருந்தது. "ஆனா சொல்லமாட்டேன்."

விசிறிகள் நின்றன. வெளியே கட்டியிருந்த குதிரை மூக்கைச் சிலுப்பியது கோயிலுக்குள் கேட்டது. போதகர் வயதானவர், அந்தத் தீவில் எத்தனையோ பிள்ளைகளின் ஃபகாமேயைப் பார்த்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி மகளே. ஆண்டவரு ஒண்ணும் அவசரத்துல இல்ல. போயி உக்காரு."

அவள் உட்காரவில்லை. நடுவழியே நடந்து, அப்பாவைக் கடந்து, வாசலைக் கடந்து வெளியே போய்விட்டாள். அடுத்த பெயர் ஃபெக்கி. அவன் தேர்ந்தெடுத்திருந்தது வேதத்திலேயே மிகச் சின்ன வசனம். இயேசு அழுதார் என்பது. அதைக் கடலுக்கு அப்பால் கேட்கிறமாதிரி கத்திச் சொல்லிவிட்டு, "அவ்வளவுதான், வேற இல்ல" என்றான். இறுகிப்போயிருந்த கோயில் குபீரென்று சிரித்தது. ஹவிலி சிரிக்கவில்லை.

வெளியே பந்தலில் பன்றியும் கிழங்கும், இறைச்சி வைத்து அவித்த இலைப்பொதிகளும் பரப்பியிருந்தார்கள். கலோலைன் அவனைப் பந்தல்காலோரம் நிறுத்தினாள்.

"சொல்லிட்ட. நான் வேண்டாம்னு சொன்ன பிறகும் சொல்லிட்ட."

"ஆமாங்க அக்கா."

"இப்பப் போயி அவள இழுத்துட்டு வா. சபைக்கு முன்னால ரெண்டு போடு. மன்னிப்புக் கேக்கச் சொல்லு. இன்னைக்கு விட்டா என்னைக்கும் அடங்கமாட்டா."

ஹவிலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தப்பு அவமேல இல்லங்க அக்கா."

"என்ன சொன்ன?"

"ரெண்டு மாசம் நான்தான் பொய்யா ஆமென் சொன்னேன். அடி போடணும்னா எனக்குத்தான் போடணும். நீங்க போடுங்க, வாங்கிக்கிறேன். அவளத் தொடமாட்டேன்."

சொல்லிவிட்டு அவன் அகப்பட்ட தட்டில் கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டு நடந்தான். நாலடி போவதற்குள் பின்னால் கலோலைனின் குரல்: "நில்லுடா." திரும்பினான். அவள் வந்து தட்டைப் பிடுங்கினாள். "வெறுங்கெழங்க எப்படித் திம்பா?" ஒரு இலைப்பொதியும், பன்றியின் மொறுமொறுப்பான தோலில் ஒரு பெரிய துண்டும் வைத்துத் தட்டைத் திரும்பக் கையில் திணித்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

சேய்னி கரையில் கவிழ்த்திருந்த படகின் நிழலில் இருந்தாள். வெள்ளை உடுப்பின் விளிம்பில் சேறு. ஹவிலி தட்டை அவள் முன்னால் வைத்தான். மகளைவிடத் தாழ மணலில் உட்கார்ந்தான்.

"சேய்னி, அப்பாவ மன்னிச்சுக்க."

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். அந்த ஊரில் எந்த அப்பனும் பிள்ளையிடம் இப்படிக் கேட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. அவனும் கேள்விப்பட்டதில்லை.

"அத்த அடிப்பாங்களா?"

"மாட்டாங்க. பன்னித்தோலு அவங்க குடுத்ததுதான்."

அவள் தட்டைத் தொடவில்லை. "அப்பா, ஆண்டவருக்கு என்மேல கோவம் இருக்குமா?"

லூப்பே என்ன சொல்வாள் என்று தேடினான். கிடைக்கவில்லை. தன்னிடம் இருப்பதைச் சொன்னான். "அது எனக்குத் தெரியல. எனக்கு அவருமேல கோவம். பிப்ரவரிலேருந்து. தோட்டத்துல ஆளில்லாதப்பக் கத்துவேன்."

"ஆண்டவரயா?"

"ஆமா. கெழங்குக் குழிக்குள்ள தலைய விட்டுக்கிட்டுக் கத்துவேன். வெளிய கேக்கக் கூடாதுல்ல?"

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எறும்புதான் காதுக்குள்ள போச்சு."

அவள் வாயோரம் கொஞ்சம் கோணியது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. சிரிப்பு வந்த அதே வழியில் அழுகையும் வந்துவிட்டது. அவன் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். பன்றித்தோலை ஒரு நாய் கொண்டுபோனது, இருவரும் விரட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஹவிலி ஃபெக்கியிடமும் எல்லாவற்றையும் சொன்னான். பிறகு சேய்னிதான் போனை எடுத்து நீட்டினாள். "எங்ககிட்டச் சொல்லிட்டேன்னு நீங்களே அம்மாகிட்டச் சொல்லுங்க."

திரையில் லூப்பேயின் முகம் மெலிந்து கறுத்திருந்தது. சேய்னியின் பேரத்தையும் கோயிலில் நடந்ததையும் சேர்த்து ஹவிலி எல்லாவற்றையும் சொன்னான். கேட்டுவிட்டு அவள் போனைப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொன்னாள். ஃபெக்கி இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அம்மா, அந்த மிஷினத் தூக்கிக்கிட்டு வந்துருங்க. கப்பல்ல எடம் இருக்கும்."

"அது அலமாரி கணக்கா இருக்குடா. அதுக்கு ராத்திரி பகல் கரண்டு வேணும். பாக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். நம்ம ஊரு கரண்ட நம்பி நான் அதுல படுத்தா, பாதி ரத்தம் உள்ள, பாதி ரத்தம் வெளிய."

சேய்னி கேட்டாள்: "வலிக்குமாம்மா?"

லூப்பே சட்டையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினாள். நீலமும் கறுப்புமாகப் புடைத்திருந்தது. "ஊசி போடுறப்ப மட்டும். க்ரேக்னு ஒரு ஆளு. தென்னமர உசரம் இருப்பான், நல்ல மனுசன், ஆனா நரம்பு அவன் கண்ணுல படாது. மூணு தடவ குத்துவான். போன வாரம் நாலாவது குத்தும் குத்துனான். 'தம்பி, பேதுருவே இயேசுவத் தெரியாதுன்னு சொன்னத மூணு தடவையோட நிறுத்திட்டாரு, அதுக்குள்ளயே சேவல் கூவிருச்சு'ன்னேன். அவனுக்குப் புரியல. பக்கத்துக் கட்டில்ல ஒரு சமோவாக்காரக் கெழவரு சிரிச்சாரு பாரு, அவரு மிஷினு கத்த ஆரம்பிச்சுருச்சு."

ஃபெக்கி விழுந்து சிரித்தான். சேய்னி சிரிக்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லூப்பே அதைக் கவனித்தாள்.

"சேய்னி, உன் பேரத்துக்கு ஆண்டவரு ஒத்துக்கலம்மா. எனக்கும் அதே கததான். நானும் ஒரு பேரம் வெச்சிருந்தேன். என்னன்னு கேக்காத."

அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. திரையில் கொஞ்ச நேரம் கூரை மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் மேளம் அடித்தது. கலோலைன் சுவரோரம் வந்து உட்கார்ந்தாள். ஹவிலி பாயை விரித்துவிட்டு மகளைப் பார்த்தான். "இன்னைக்கு நீ உக்கார வேணாம்னா உக்கார வேணாம்."

அவள் வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஹவிலி, "ஃபெக்கி, நீ பண்ணு" என்றான். தன் கடப்பாறையை அன்று அவன் எடுக்க விரும்பவில்லை.

ஃபெக்கி கண்ணை மூடினான். பழக்கம் விடவில்லை. "ஆண்டவரே, அம்மாவ அடுத்த கப்பல்ல..."

"அப்படிக் கேக்காத" என்றாள் சேய்னி, திரும்பாமலே.

கலோலைன் நிமிர்ந்தாள். ஹவிலி கையைக் காட்டித் தடுத்தான். அக்காவிடம் அவன் முதன்முதலாகக் கை காட்டியதும் அன்றைக்குத்தான்.

"பின்ன எப்படிக் கேக்குறது?" என்றான் ஃபெக்கி.

சேய்னி வாசலுக்கு அப்பால் பார்த்தாள். வெளியே கடல் வற்றிக்கொண்டிருந்தது. பாறைத்திட்டில் யாரோ கணவாய் மீன் பிடிக்கக் குத்தீட்டியோடு நடந்தார்கள்.

"நாளைக்குத் திங்கக்கெழம. அம்மாவுக்கு மிஷின் நாளு. மொதக் குத்துலயே நரம்பு கெடைக்கணும்னு கேளு."

ஃபெக்கி மறுபடியும் கண்ணை மூடினான். "ஆண்டவரே, க்ரேக் அண்ணனுக்கு நாளைக்குக் கண்ணு நல்லாத் தெரியட்டும். மொதக் குத்துலயே கெடைக்கட்டும். ரெண்டாவது குத்து வேணாம். கரண்டு போக வேணாம். அந்தத் தாத்தா சிரிச்சா மிஷினு கத்த வேணாம்." கொஞ்சம் யோசித்தான். "அவ்வளவுதான்."

சேய்னி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவன் என்ன செய்யப்போகிறான் என்று கண் கொட்டாமல் பார்த்தாள்.

"ஆமென்" என்றான் ஹவிலி.

அவள் இன்னும் கொஞ்சநேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசல்படியை விட்டு எழுந்து வந்து, பாயின் ஓரத்தில், தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.